யு.பி.எஸ். பெட்டியில் நிமிடக் கணக்கு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினிகளை மின்தடையிலிருந்து காப்பது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்போரும் இணையவழியில் படிப்போரும் பெருகிவிட்ட காலத்தில், மின்சாரம் நின்றதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யு.பி.எஸ். பெட்டி அலுவலகத்துக்கு மட்டும் உரிய பொருளாக இனி இருக்க முடியாது என்று கட்டுரையாளர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால், கையிலுள்ள பணத்துக்கு எவ்வளவு அதிக வி.ஏ. கிடைக்குமோ அதை வாங்கிவிடலாம் என்ற பொருளில் அவர் கட்டுரையை முடித்திருப்பது, சிக்கனமாக வாங்க நினைக்கும் வாசகரைத் தவறான எண்ணின் பின்னால் அனுப்பிவிடும். கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை விளக்கத் தங்கள் பக்கத்தில் சிறிது இடம் வேண்டுகிறேன்.

வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண். கணினி உண்மையில் செலவழிக்கும் மின்சாரமோ வாட் கணக்கில் அளக்கப்படுகிறது. விலை குறைந்த வீட்டு யு.பி.எஸ்.களில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. 600 வி.ஏ. என்று பெட்டியின் முகப்பில் அச்சிட்ட கருவி பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. சில கருவிகள் 330 வாட்டோடு நின்றுவிடும். வாட் எண் வழக்கமாகப் பெட்டியின் பக்கவாட்டிலோ, கருவியின் அடியில் ஒட்டிய சீட்டிலோ சிறிய எழுத்தில் இருக்கும். அது எங்குமே குறிப்பிடப்படாத கருவியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காமல் விடுவதே நல்லது.

வாட் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டாலும் பாதிக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கிறது. வி.ஏ., வாட் இரண்டுமே ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைச் சொல்பவை; எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைச் சொல்பவை அல்ல. குழாயின் அகலத்தைப் பார்த்துத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் மதிப்பிடுவதில்லை, யு.பி.எஸ். வாங்கும்போது மட்டும் அதைத்தான் செய்கிறோம். இங்கே தொட்டி என்பது பேட்டரி. 600 வி.ஏ. வகையில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட ஈய-அமில பேட்டரி ஒன்றே ஒன்று இருக்கும். 1000 வி.ஏ. என்று விற்கப்படும் கருவிகளில் சிலவற்றில் இரண்டு பேட்டரிகள் உண்டு. வேறு சிலவற்றில் சற்றே பெரிய 9 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வைத்து முடித்துவிடுகிறார்கள். முகப்பில் எண் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிட்டது என்று நம்பி வாங்குபவருக்கு, உள்ளே அந்த அளவுக்குக் கூடியிருக்கிறதா என்பது தெரிவதே இல்லை.

அந்த 7 ஆம்பியர்-மணி பேட்டரியை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட்டை 7 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 84 வாட்-மணி. 200 வாட் இழுக்கும் கணினிக்கு அது 25 நிமிடம் வரும் என்று காகிதக் கணக்கு சொல்லும். நடைமுறையில், பேட்டரி புதிதாக இருக்கும்போதே, ஏழெட்டு நிமிடம் கிடைத்தால் நிறைவு கொள்ளலாம். 7 ஆம்பியர்-மணி என்ற அளவு, பேட்டரியை 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல வடித்தால் கிடைப்பது. சில நிமிடங்களில் உறிஞ்சும்போது உள்ளே நடக்கும் வேதிவினை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை (டி.சி.) மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாற்றுவதில் மேலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. அதே பேட்டரியில் சுமையை 100 வாட்டாகக் குறைத்தால் இருபது நிமிடத்துக்கு மேலேயே நிற்கும். 300 வாட்டாக ஏற்றினால் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அதாவது, சுமையைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிப்புக்கும் மேலாகக் கூடுகிறது. ஆகவே, கையில் பணம் குறைவாக இருப்பவர் பெரிய யு.பி.எஸ்.ஸைத் தேடுவதற்கு முன்னால், அதில் எதையெல்லாம் மாட்டாமல் இருக்கலாம் என்று தேடுவதே ஆதாயம். கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பது என் கருத்து.

எத்தனை நிமிடம் போதும் என்பது, யு.பி.எஸ்.ஸிடம் நாம் எதிர்பார்க்கும் வேலையைப் பொறுத்தது. மேசைக் கணினியைப் பொறுத்தவரை அந்த வேலை எளியது: சில நொடிகளே வந்து போகும் மின்வெட்டுகளைக் கணினி அறியாமலே கடக்கச் செய்வதும், நீண்ட மின்வெட்டு என்றால் கோப்புகளைச் சேமித்து முறையாக நிறுத்தும் வரை தாங்குவதும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இன்றைய இயங்குதளங்கள் திடீரென மின்சாரம் நின்றாலும் வட்டின் கோப்பு அமைப்பு குலையாமல் இருக்கக் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால், அந்தக் குறிப்பேடு காப்பது கோப்பு அமைப்பை மட்டுமே. எழுதிக்கொண்டிருந்த ஆவணத்தில் சேமிக்காத பக்கங்களை அது மீட்டுத் தராது. வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்கப்படும் எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு வகைச் சேமிப்பகங்களில் பெரும்பாலானவற்றில், மின்சாரம் நின்ற கணத்தில் இடைநினைவில் இருப்பதை எழுதி முடிப்பதற்குத் தேவையான மின்தேக்கிகளும் இருப்பதில்லை. கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான, தாய்ப்பலகையின் பயாஸைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், அதன் பின் கணினி எழவே மறுப்பதும் எங்கள் தொழிலில் அரிதல்ல. இவற்றைத் தடுக்க மணிக்கணக்கில் ஓடும் பேட்டரி தேவையில்லை; தேவையான சில நிமிடங்கள் உறுதியாகக் கிடைத்தால் போதும்.

அடுத்தது, நம் கணினி உண்மையில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்ற கேள்வி. இதில் பலரும் கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மீது எழுதியிருக்கும் 450 வாட் அல்லது 500 வாட் என்ற எண்ணைப் பார்த்து அஞ்சிவிடுகிறார்கள். அது அந்தக் கருவியால் அதிகபட்சம் தர முடிந்த அளவு; கணினி எப்போதும் அவ்வளவை இழுக்காது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத, எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் பயன்படும் கணினியும் ஒரு நடுத்தர அளவு எல்.இ.டி. திரையும் சேர்ந்து சாதாரண வேலையில் நூறு வாட்டைத் தொடுவதே அபூர்வம். பெரிய கிராபிக்ஸ் அட்டை பொருத்திய கணினியோ விளையாட்டின் நடுவில் முந்நூறு, நானூறு வாட்டைத் தாண்டும். இதை ஊகிக்க வேண்டியதில்லை. சாக்கெட்டுக்கும் கணினிக்கும் இடையே செருகி வாட் அளவைக் காட்டும் சிறிய மீட்டர்கள் கிடைக்கின்றன. ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கியாவது ஒரு நாள் அளந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது, விற்பனையாளரின் எந்த ஆலோசனையையும்விட மேலானது. அளந்து கிடைத்த உச்ச அளவு, யு.பி.எஸ்.ஸின் வாட் எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், பேட்டரி பழசாகும் காலத்திலும் சிக்கல் வராது.

திரையை யு.பி.எஸ்.ஸில் மாட்டத்தான் வேண்டும். திரை இருண்டுவிட்டால் எதைச் சேமிப்பது, எப்படி நிறுத்துவது? ஒலிபெருக்கி, மேசை விளக்கு, கைப்பேசி சார்ஜர் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. லேசர் பிரிண்டரை ஒருபோதும் யு.பி.எஸ்.ஸின் பேட்டரி சாக்கெட்டில் மாட்டக் கூடாது. அதனுள் இருக்கும் சூடேற்றும் உருளை, வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் பல நூறு வாட்டை ஒரே மூச்சில் இழுக்கும்; சிறிய யு.பி.எஸ். அதைத் தாங்காமல் நின்றால், பிரிண்டரோடு கணினியும் சேர்ந்து அணைந்துவிடும். மடிக்கணினிக்குள் பேட்டரி ஏற்கெனவே இருப்பதால் அதற்கென யு.பி.எஸ். வாங்குவது வீண் செலவு.

மின்சாரம் நின்ற பிறகும் இணையம் வேண்டும் என்று கேட்பவர்களே இப்போது அதிகம். அவர்களில் பெரும்பாலோர் ரவுட்டரையும் மோடத்தையும் கணினியின் யு.பி.எஸ்.ஸிலேயே மாட்டி, நேரம் போதவில்லை என்று அடுத்த முறை பெரிய யு.பி.எஸ்.ஸாக வாங்குகிறார்கள். ரவுட்டருக்குப் பெரும்பாலும் வேண்டியது 12 வோல்ட் நேர்மின்சாரம். யு.பி.எஸ்.ஸின் பேட்டரியில் இருப்பதும் 12 வோல்ட் நேர்மின்சாரமே. அதை உயர் மின்னழுத்த மாறுமின்சாரமாக மாற்றி, மீண்டும் அடாப்டர் வழியாக 12 வோல்ட்டுக்கு இறக்குவதில் பேட்டரியின் கணிசமான பகுதி வழியிலேயே கரைகிறது. எட்டு, பத்து வாட் மட்டுமே எடுக்கும் ரவுட்டருக்காக யு.பி.எஸ்.ஸின் உள் சுற்றுகளும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கின்றன. லித்தியம் செல்களைக் கொண்டு, நேரடியாக 12 வோல்ட் தரும் 'மினி யு.பி.எஸ்.' என்னும் சிறு பெட்டிகள் இதற்காகவே வந்திருக்கின்றன. கணினி யு.பி.எஸ்.ஸைவிட மலிவான இவை, அளவில் சிறியவையாக இருந்தாலும் ரவுட்டரை மணிக்கணக்கில் ஓட வைக்கும்.

இங்கும் பெட்டியின் மீதுள்ள எண்ணைக் கவனித்தே படிக்க வேண்டும். 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்று போட்டிருந்தால் அது செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்ட அளவு. ஆக, அதில் இருப்பது 37 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் போகும் இழப்பைக் கழித்தால், எட்டு வாட் எடுக்கும் ரவுட்டருக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். வாங்குவதற்கு முன், ரவுட்டருடன் வந்த அடாப்டரின் சீட்டைப் பார்த்து வோல்ட் சரியாகப் பொருந்துகிறதா, ஆம்பியர் குறையாமல் இருக்கிறதா, முனையின் நேர், எதிர்த் துருவங்கள் ஒத்துப்போகின்றனவா, முனையின் விட்டம் சேருகிறதா என்று சரிபார்க்க வேண்டும்; 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் அது எரிந்துபோகலாம். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால், இரண்டுக்கும் மின்சாரம் தர வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலானவை, இணைப்பகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லாத வகையைச் சேர்ந்தவை. அதனால் தெருவே இருண்டிருந்தாலும் வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் இருந்தால் இணையம் வரும். அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுப் பெட்டியிலிருந்து சாதாரணக் கம்பி வழியாக இணைப்பு வருமானால், அந்தப் பொதுப் பெட்டிக்கும் மாற்று மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுச் செலவு செய்யலாம்.

மின்சாரம் நின்ற கணத்தில் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் பற்றியும், அது தரும் அலையின் வடிவம் பற்றியும் கட்டுரையாளர் எழுப்பிய அச்சம் சற்று மிகையானது. சாதாரண யு.பி.எஸ்.கள் நான்கிலிருந்து பத்து மில்லிநொடிக்குள் மாறிவிடுகின்றன. கணினியின் எஸ்.எம்.பி.எஸ்., மின்சாரம் அறுந்த பிறகும் ஏறக்குறைய பதினாறு மில்லிநொடி வரை தன்னுள் தேங்கியிருப்பதைக் கொண்டு சமாளிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஆகவே, இடைவெளியே இல்லாமல் மின்சாரம் தரும் 'ஆன்லைன்' வகை யு.பி.எஸ்., வீட்டுக் கணினிக்குத் தேவையற்ற ஆடம்பரம். எந்நேரமும் இரு முறை மின்சாரத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் அது வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் மின்கட்டணத்தையும் சேர்த்தே தரும். மாறாக, மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் இடங்களில் 'லைன் இன்டராக்டிவ்' வகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும். பேட்டரியைத் தொடாமலே மின்னழுத்தத்தைத் திருத்தித் தருவதால், பேட்டரி தேவையில்லாமல் உழைத்துத் தேய்வதை அது தவிர்க்கிறது.

அலை வடிவத்தில் சிக்கல் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. மலிவான யு.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது வழுவழுப்பான சைன் அலைக்குப் பதிலாகப் படிப்படியாக ஏறி இறங்கும் அலையைத் தருகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த அலை சிறிது நேரம் சுழியத்தில் நின்றுவிடும். மின்சாரத்தை அலையோடு ஒத்து இழுக்கும் 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' சுற்று உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் சில அந்த இடைவெளியை மின்தடை என எடுத்துக்கொண்டு, அடுத்த கணம் பெரும் மின்னோட்டத்தை இழுக்க, யு.பி.எஸ். அதைப் பளு மிகுதி என்று கருதி அணைந்துவிடும். சுமை குறைவாக இருக்கும் சிறு கணினிகளில் இது பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை, பெரிய எஸ்.எம்.பி.எஸ்., பெரிய கிராபிக்ஸ் அட்டை, எல்லைக்கு நெருக்கமான சுமை ஆகிய மூன்றும் சேரும்போதுதான் வரும். அத்தகைய கணினி வைத்திருப்போர் தூய சைன் அலை தரும் கருவியை வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். வீடு முழுவதற்கும் இன்வெர்ட்டர் வைத்திருப்போரும் இதைக் கவனிப்பது நல்லது: இன்வெர்ட்டர் சதுர அலை தருவதாக இருந்தால், அதன் கீழ் மாட்டிய யு.பி.எஸ். அந்த மின்சாரத்தை ஏற்காமல் தன் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடுவதும் உண்டு.

இனி, விலை. யு.பி.எஸ்.ஸின் விலை, கடையில் கொடுக்கும் தொகையோடு முடிவதில்லை. ஈய-அமில பேட்டரியின் ஆயுள் மிதமான வெப்பநிலையில் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. சுற்றுப்புற வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அந்த ஆயுள் பாதியாகிறது. கணினிக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத மூலையில், சுவரை ஒட்டி யு.பி.எஸ்.ஸைத் திணித்து வைப்பவர் தம் பேட்டரியின் ஆயுளைத் தாமே குறைக்கிறார். ஆகவே, வாங்கும்போதே பேட்டரியைப் பயனரே மாற்ற முடியுமா, உள்ளே இருப்பது எல்லா இடத்திலும் கிடைக்கும் பொது அளவா என்று கேட்பது அவசியம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 151 மில்லிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் அகலமும் 94 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட பொது அளவில் பல தயாரிப்பாளர்களிடமும் கிடைப்பது. ஆனால், அதன் முனைத்தகடுகள் 4.8 மில்லிமீட்டர், 6.35 மில்லிமீட்டர் என்று இரு அகலங்களில் வருகின்றன. பழைய பேட்டரியின் முனையை அளந்து பார்க்காமல் புதியதை வாங்கி வந்து, இணைப்பி சேராமல் திண்டாடுவோர் பலர். தனக்கே உரிய வடிவத்தில் பேட்டரி வைத்திருக்கும் கருவி, இன்று எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பேட்டரி தேய்ந்த நாளில் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நல்ல தயாரிப்பாளரின் பழைய யு.பி.எஸ்., பேட்டரி மட்டும் செத்த நிலையில், மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. அதற்குப் புதிய பேட்டரி போட்டால், அதே செலவில் கிடைக்கும் பெயர் தெரியாத புதிய கருவியைவிட நெடுநாள் உழைக்கும். உள்ளே எரிந்த வாசனையோ, உப்பிய மின்தேக்கியோ இல்லை என்று பார்த்துத் தரக்கூடியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அந்த ஈய-அமில இடத்தில் லித்தியம் பேட்டரியைப் போட்டால் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டின் மின்னேற்ற முறையும் வேறு. தயாரிப்பாளர் அனுமதிக்காத வரை அந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. லித்தியம் பேட்டரியோடே வடிவமைக்கப்பட்டு வரும் யு.பி.எஸ்.கள் தனி வகை. அவற்றின் பேட்டரி பல ஆண்டு கூடுதலாக உழைக்கும் என்றாலும், முதல் விலை இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது.

கட்டுரையில் ஒரு வரியில் கடந்து சென்ற யு.எஸ்.பி. இணைப்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் போனால், ஐந்து நிமிடமானாலும் ஐம்பது நிமிடமானாலும் பேட்டரி தீர்ந்து கணினி திடீரென்றே நிற்கும். யு.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கம்பியைக் கணினியில் செருகினால், பேட்டரி குறைந்ததும் கணினி தானே முறையாக நின்றுவிடும்படி அமைக்கலாம். விண்டோஸும் மேக் கணினிகளும் இத்தகைய யு.பி.எஸ்.களில் பலவற்றைத் தாமே அடையாளம் கண்டுகொள்கின்றன. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஒரே விலையில் இரு கருவிகள் இருந்து, ஒன்றில் கூடுதல் வி.ஏ.வும் மற்றதில் இந்த இணைப்பும் இருந்தால், நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வாங்கிய பின் ஆறு முதல் எட்டு மணி நேரம் மின்னேற்றிவிட்டு, வேலை எதுவும் நடக்காத நேரத்தில் ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது. சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல், சாக்கெட்டின் சுவிட்சை மட்டும் அணைத்தால் எர்த் இணைப்பு அறுபடாமல் இருக்கும். கிடைத்த நிமிடங்களைக் கருவியின் மீதே எழுதி ஒட்டி, சில மாதங்களுக்கு ஒரு முறை அதே சுமையில் மீண்டும் சோதித்தால், பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. யு.பி.எஸ். விளம்பரங்கள் தங்கள் பக்கங்களிலும் வருகின்றன. விளம்பரதாரர் எதை அச்சிட வேண்டும் என்று நாளிதழ் கட்டளையிட முடியாது என்பதை அறிவேன். ஆனால், தங்கள் செய்தியாளர்கள் எழுதும் மதிப்புரைகளிலும் ஒப்பீட்டு அட்டவணைகளிலும், வி.ஏ. எண்ணுக்குப் பக்கத்தில் வாட் எண்ணையும், 100 வாட், 200 வாட் சுமைகளில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதையும், உள்ளே இருக்கும் பேட்டரியின் அளவையும் வெளியிடுவதைத் தாங்கள் ஒரு வழக்கமாக்கலாம். தயாரிப்பாளர்களில் சிலர் இந்த விவரங்களைத் தங்கள் கையேட்டிலேயே தருகிறார்கள். தராதவர்களின் பெயருக்கு எதிரே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டாலும் வாசகருக்கு அது பயனுள்ள தகவலே. மேலும், தீர்ந்த பேட்டரியில் நச்சுத்தன்மையுள்ள ஈயமும் அமிலமும் இருப்பதால் அதைக் குப்பையில் போடாமல் விற்றவரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும், அந்த ஈயத்துக்கு மதிப்பு உண்டு என்பதால் புதிய பேட்டரியின் விலையில் கழிவு கேட்டுப் பெறலாம் என்பதையும், அக்கட்டுரையின் தொடர்ச்சியாக ஒரு சிறு பெட்டிச் செய்தியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்